உரோமாபுரி மாப்பிள்ளையை நான் கொல்லவில்லை

கல்முனைக்குடி,
புதன்கிழமை மாலை, அஸர் தொழுத கையோடு.

‘கரைமணல்’ வார இதழின் ஆசிரியர், கண்ணியத்துக்குரிய ஜனாப் ஸஹீத் அவர்கள் சமூகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் பத்திரிகைக் கந்தோரில் உள்ள அனைவரும் சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன். தங்கள் அச்சு இயந்திரத்துக்கும் நீண்ட ஆயுளைக் கேட்கிறேன். ஆனால் நாளை வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் அதற்குச் சற்று சுகயீனம் ஏற்படுமானால், அதையும் அல்லாஹ்வின் றஹ்மத்தாகவே எடுத்துக்கொள்வேன். இங்கு நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது.

நேற்றிலிருந்து உங்கள் போனுக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை மூன்று மொழியிலும் நீங்கள் இல்லை என்கிறாள். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன், அதுவும் ஒற்றைக் குறியோடு அப்படியே நிற்கிறது. ஆகவேதான் இதை எழுதி, இன்றிரவு கொழும்புக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் பஹ்மியிடம் கொடுத்து விடுகிறேன். அவன் விடியற்காலை சுபஹோடு உங்கள் வாசலில் நிற்பான். ஒரு தேத்தண்ணி கொடுங்கள். ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி மட்டும் அவனிடம் வாய் திறக்கவேண்டாம். அவன் காதில் விழுந்த செய்தி அவன் பஸ்ஸுக்கு முன்னால் கல்முனைக்கு வந்து சேர்ந்துவிடும்.

விடயம் இதுதான். ‘வாய்க்கால்வாணன்’ என்ற பெயரில் நான் எழுதிவரும் உரோமாபுரித் துப்பறியும் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் உங்கள் கையில் இருக்கிறது. அதில் மருமகனைக் கொன்றவர் மாமனார் என்று முடித்திருக்கிறேன். அது அப்படியே வெள்ளிக்கிழமை வெளிவந்தால் என் ஒரே மகள் ஸம்றாவின் குடும்பம் உடைந்துபோகும். மிகைப்படுத்தவில்லை. அவள் மாப்பிள்ளை ஏற்கனவே வீட்டை விட்டுப் போய்விட்டார்.

நான் பிறவி எழுத்தாளன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். நீர்ப்பாசனத்தில் வாய்க்காலும் மதகுத் துருசுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தால் பொஞ்சாதி சுபைறா வெங்காயம் உரிக்கத் தருகிறாள் என்று நூலகத்துக்குப் போனேன். போன இடத்தில் உரோமாபுரிக்காரர் மலையிலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த கதையை வாசித்தேன். கல்லால் வளைவு வளைவாகக் கட்டி, அதன் தலையில் வாய்க்காலை ஓட்டி, பள்ளத்தாக்கையே தாண்ட வைத்திருக்கிறார்கள் மனிதர்கள். இங்கே ஒரு கிளை வாய்க்காலில் ஆற்றுவாழைக் களை அள்ளுவதற்கு நாங்கள் எத்தனை கூட்டம் வைத்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன், எனக்கு அந்த ஊர் மேல் ஆசை பிடித்துவிட்டது. தண்ணீர் இருக்கும் இடத்தில் சண்டை இருக்கும், சண்டை இருக்கும் இடத்தில் ஒரு கொலையாவது இருக்கும், கொலை இருந்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அப்படித்தான் செர்வியுஸ் பிறந்தான். நம் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை எப்படியோ, அப்படி உரோமாபுரியின் ஒரு வாய்க்காலுக்கு அவன் வட்டவிதானை. எங்கே நீர் சாய்கிறது என்று பார்த்தே கள்ளனைப் பிடித்துவிடுவான்.

கதை என்ன பெரிய கதை? பொம்போனியுஸ் என்று ஒரு போடியார். கண்ணுக்கெட்டாத தூரத்துக்குக் கோதுமை வயல். அவருக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து, குவிந்துஸ் என்ற பொடியனை மாப்பிள்ளை எடுத்து, அந்த வீட்டிலேயே வைத்திருக்கிறார். ஒரு நாள் ஆறு பேருக்கு விருந்து. உரோமாபுரியில் பெரிய மனிதர்கள் படுத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதைச் சுபைறாவிடம் சொன்னதற்கு, “படுத்துக்கிட்டுத் திண்டா புரைக்கேறியே மௌத்தாகிடுவான். மறுகா நஞ்சு என்னத்துக்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே ஆறு பேரையும் பாயில் இருத்தி நடுவில் ஒரு சஹனை வைத்துவிட்டேன். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கோழியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோடுவது என்று விளக்கமும் எழுதியிருந்தேன். நம் வாசகருக்குத் தெரியாத சஹனா என்று நீங்கள்தான் அதை வெட்டினீர்கள்.

ஆறு பேரும் ஒரே சஹனில் தின்றார்கள். ஒருவன் மட்டும் செத்தான். எப்படி? இதுதான் மர்மம். விடை உங்களிடம் உள்ள அத்தியாயத்தில் இருக்கிறது. மாமனார் நஞ்சூட்டியது ஒரே ஒரு கோழித் தொடையில். அந்தத் தொடை எவர் முன்னால் இருந்தாலும் கடைசியில் மருமகன் முன்னால்தான் போய்ச் சேரும். மாப்பிள்ளை இருக்கும் சஹனில் நல்ல துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவன் மனிதனா? ஒருவர் மாறி ஒருவர் தள்ளுவார்கள். கொலைகாரன் கையை நீட்டவே தேவையில்லை, சபையே அன்போடு தள்ளிக்கொடுத்துவிடும். செர்வியுஸ் அதே ஆறு பேரில் மிஞ்சிய ஐவரையும் மீண்டும் இருத்தி, செத்தவன் இடத்தில் தான் இருந்து, துண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறான். நாலு கை தொடையைத் தள்ளுகிறது. மாமனாரின் கை மட்டும் அதைத் தொடக் கூசுகிறது. பிடித்துவிட்டான். இதை எழுதி முடித்த அன்று நான் என் கையை நானே முத்தமிட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன் என்பது பிறகுதானே தெரிந்தது.

முதல் எச்சரிக்கை தம்பிலுவிலிலிருந்து வந்தது. சுஜித்தா என்ற வரலாற்று ஆசிரியை எழுதிய வாசகர் கடிதத்தை நீங்கள் போட்டிருந்தீர்கள். உரோமாபுரியில் சோறு உண்ணும் வழக்கமில்லை, மிளகாய் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதில்லை, பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. ‘எங்கள் ஊரிலும் பெண்ணுக்குத்தான் வீடு, ஆனால் உரோமாபுரி தம்பிலுவில் அல்லவே ஐயா’ என்று மரியாதையாகத்தான் முடித்திருந்தது. மிளகாயை நான் எடுத்துவிட்டேன். மற்றதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல், வெறுங்கையோடு அவளை அந்நியன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எப்படி நித்திரை கொள்வான்? அப்படிச் செய்த சாம்ராச்சியம் விழாமல் வேறென்ன செய்யும்? அன்றைக்கு அப்படி நினைத்துச் சிரித்தேன். இன்றைக்கு அந்த டீச்சரின் காலில் விழலாம் போல இருக்கிறது. அவர் சொன்னபடி திருத்தியிருந்தால் குவிந்துஸ் தன் உம்மா வீட்டில் இருந்துகொண்டே செத்திருப்பான். கல்முனையில் ஒருவரும் தங்கள் முகத்தை அந்தக் கதையில் பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது குற்றம் உங்களுடையது. குறை சொல்வதாக நினைக்கக்கூடாது, ஆனால் உங்களுடையதுதான். புனைபெயரில் எழுதுகிறேன், வீட்டில் சுபைறாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொல்லியிருந்தும், எழுத்தாளரைக் கௌரவிக்கிறோம் என்று போன மாதம் என் புகைப்படத்தைப் போட்டீர்கள். பிரியாவிடை வைபவத்தில் மாலையோடு எடுத்த படம். அது பரவாயில்லை. அதற்கு மேலே ‘கொலைகாரன் இவர்தானா?’ என்று அத்தியாயத் தலைப்பு. நடுவில் ஒரு கோடாவது கீறியிருக்கலாமே சேர்? அன்று மீன் சந்தையில் ஒருவர் என்னைப் பார்த்து, கையிலிருந்த சூரையைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கதானா காக்கா அது?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். பெருமையாக ஓம் என்றேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

வீட்டில் மருமகன் நிப்றாஸ் அந்த இதழோடு இருந்தார். அவர் மருதமுனைப் பிள்ளை. நல்ல குணம், உரத்துப் பேசமாட்டார். கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவர். அவரிடம் நான் சில மாதங்களாக, கதை எழுதுகிறேன் என்று சொல்லாமல், அறிவுக்காகச் சில கேள்விகள் கேட்டு வந்திருந்தேன். “மருமகன், மணம் ருசி ஒண்டும் தெரியாம ஆள முடிக்கிற சாமான் ஏதும் இரிக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன். “எலிக்கா மாமா?” என்றார். “இல்ல, ஆளுக்கு” என்றேன். இன்னொரு நாள், “கோழிக்கறியில கலந்தா தெரிய வருமா?” என்று கேட்டேன். பாவம், அவரும் தெரியாது மாமா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்தக் கேள்விகள் எல்லாம் அச்சில் நின்று அவரைப் பார்த்தன. போதாததற்கு, கதையில் குவிந்துஸ் தன் தேரை மாமனாரின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்துவான். விசிறும் அடிமையைத் தன் பக்கமே விசிறச் சொல்வான். வல்லாஹி, இதெல்லாம் கற்பனை. நிப்றாஸ் தன் மோட்டார் சைக்கிளை என் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்துவதும், மண்டபத்து ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைப்பதும் தற்செயலாக ஒத்துப்போனவை. ஒரு வீட்டில் ஃபேன் ஒன்று இருந்தால் அது ஏதாவது ஒரு பக்கம் பார்த்துத்தானே நிற்கவேண்டும்?

நிப்றாஸ் இதழை மடித்து வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவது குறைந்தது. காலையில் பசியில்லை என்பார், பகலில் கடையில் வேலை என்பார், இரவில் பாலில்லாத வெறும் பிளேன்டியோடு எழும்பிவிடுவார். என் கோழியைத் தின்னாமல் எந்த மாப்பிள்ளை எழும்பியிருக்கிறார் என்று சுபைறா குசினியில் கண்ணீர் விட்டாள். பிறகுதான் அந்த விருந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அதாவுல்லாவும் அவர் ஆட்களும் மருதமுனையிலிருந்து வந்திருந்தார்கள். சஹன் வைத்தோம். நான், நிப்றாஸ், சம்பந்தி, அவரோடு வந்த மூவர். எனக்கு மனதில் ஒன்றுமில்லை. வழக்கம்போல நல்ல தொடை ஒன்றை எடுத்துப் பிய்த்து மருமகன் பக்கம் தள்ளினேன். “தின்னுங்க மருமகன்.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. சம்பந்தியின் கை நின்றது. மற்றக் கைகளும் நின்றன. அந்த வாரம்தான் நஞ்சு சஹனில்தான் இருந்தது என்று செர்வியுஸ் கண்டுபிடித்த அத்தியாயம் வந்திருந்தது, சபையில் இருந்த எல்லோரும் வாசித்திருக்கிறார்கள் என்பது அந்த அமைதியில்தான் எனக்குத் தெரிந்தது. தொடை சஹன் நடுவில் கிடக்கிறது, ஒருவரும் அதைப் பார்க்காமல் பார்க்கிறார்கள். நானே எடுத்துத் தின்று காட்டியிருக்கலாம். அந்த நேரம் எனக்குப் புத்தி ஓடவில்லை. பதற்றத்தில், “பயப்படாதீங்க, இதுல ஒண்டும் இல்ல” என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது. சம்பந்தி மெதுவாக, “எனக்கும் இண்டைக்கு வயிறு சரியில்ல மச்சான்” என்று கையைக் கழுவினார்.

அடுத்த நாள் நிப்றாஸ் கொஞ்சம் உடுப்பை ஒரு பையில் வைத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போனார். ஸம்றா வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். “வாப்பா, நீங்க வீடு கட்டித் தந்தீங்க. கதை எழுதி அத வெறுமையாக்கிட்டீங்க” என்றாள். பிறந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பிள்ளை. அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. நான் மண்டபத்துக்கு வந்தால் எழும்பி அறைக்குப் போகிறாள். சுபைறா கதைக்கிறாள், ஆனால் அவள் கதைக்காமல் இருந்தால் நல்லது என்று இருக்கிறது.

பள்ளிவாசலில் எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பேசும் மரைக்காரிடம் போய்ச் சொன்னேன். அவர் மருதமுனைக்குப் போய் நிப்றாஸிடம் கதைத்துவிட்டு வந்தார். “புள்ள ஒரு சொல்லுத்தான் சொல்ற. வாற வெள்ளி கடைசி அத்தியாயம் வரட்டும், அதுக்குப் பிறகு வாறன் எண்டு” என்றார். மரைக்கார் எழும்பிப் போகிறவர் போல எழும்பி, கதவடியில் நின்று, குரலைத் தாழ்த்தி, “ஆர் கொன்ற எண்டு எனக்கிட்ட மட்டும் சொல்லுங்களன். நான் வெளியில கதைக்கமாட்டன்” என்றார். சமாதானம் பேச வந்தவரின் நிலைமையே இது.

ஆகவே கொலைகாரனை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். எழுதிய எனக்கு அது பெரிய வேலையா என்று நினைத்தேன். முதலில் சமையல் செய்த அடிமைதான் கொன்றான் என்று எழுதினேன். நம் பக்கத்துக் கல்யாணங்களுக்குச் சோறு ஆக்கும் ஸைனுலாப்தீன் எப்படி மணம் பிடித்தாரோ, வந்துவிட்டார். “காக்கா, அடிமை எண்டு எழுதினீங்க, பொறுத்த. நஞ்சு வெச்சன் எண்டு எழுதினா எனக்கிட்ட இனி ஆரு சோறாக்கச் சொல்லுவாங்க?” என்று கண் கலங்கினார். சரி என்று வைத்தியரை மாட்டினேன். சின்ன வயதிலிருந்து எங்களுக்கு மருந்து தரும் டொக்டர் தெருவில் கண்டு ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போனார். மாமியார்தான் கொன்றாள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அது கதையின் தேவைக்காக மட்டுமே. அந்தத் தாளைச் சுபைறா எடுத்து அடுப்பில் போட்டாள். குவிந்துஸின் சொந்தத் தகப்பன் என்று எழுதலாம்தான். ஆனால் சம்பந்தி அதாவுல்லா இப்போதே எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உரோமாபுரி எவ்வளவு பெரிய பட்டணம், அதில் கல்முனைக்குச் சொந்தமில்லாத ஒரு கொலைகாரனைத் தேடி நான் களைத்துப்போனேன்.

அவனை உயிரோடு எழுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். அதற்கும் வழியில்லை, அடக்கம் செய்தாகிவிட்டது. நீங்களும் அதற்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டேன். இத்தோடு புதிய கடைசி அத்தியாயத்தை வைத்திருக்கிறேன். குவிந்துஸை ஒருவரும் கொல்லவில்லை. அவன் மௌத்தானது மீன் முள்ளால். ‘கோழிச் சஹனில் மீன் முள் எப்படி வந்தது?’ என்று நீங்கள் கேட்பீர்கள். பகலில் தின்ற சூரையின் முள் தொண்டையில் நின்று இரவில் வேலை செய்தது என்று செர்வியுஸ் கண்டுபிடிக்கிறான். கடைசியில் மாமனார் மருமகனின் கப்றடியில் நின்று, இவன் என் மகன் அல்லவா என்று அழுகிறார். துப்பறியும் கதையில் கொலையே இல்லை என்றால் வாசகர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

ஒன்று மட்டும் உங்களுக்கு மனம் விட்டுச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று கிடக்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது சுபைறா அதைக் கழுவப் போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஃபேனும் இப்போது என் பக்கம்தான் பார்த்து நிற்கிறது. காற்று வருகிறது, நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும் சேர். அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மாமனாரும் மருமகனும் அப்படியெல்லாம் கதைப்பதா? நல்ல துண்டைத் தள்ளுவதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே பழைய அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மீன் முள்ளை அச்சேற்றுங்கள். ஒரு பெண்பிள்ளையின் வாழ்வைக் காத்த நன்மை உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டாருக்கு என் ஸலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல மாப்பிள்ளைமாரையும், அந்த மாப்பிள்ளைமாருக்கு எழுத வாசிக்கத் தெரியாத மாமனாரையும் கொடுப்பானாக. ஆமீன்.

தங்கள் துஆவை நாடும்,
மு. மீராமுகைதீன் (வாய்க்கால்வாணன்)

பி.கு: ஆசிரியர் அவர்களே, மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். பழைய அத்தியாயமே இருக்கட்டும். கொன்றவர் மாமனார்தான். மீன் முள்ளைக் கிழித்துவிடுங்கள்.

கடிதத்தை ஒட்டப்போன நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது? நிப்றாஸ் பையோடு நிற்கிறார். நான் முடிவை மாற்றப்போகிறேன் என்று ஸம்றா அவருக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். ஸலாம் சொன்ன அடுத்த மூச்சில், “மாமா, முடிவ மாத்துறீங்களாம், உண்மையா?” என்றார். “ஓம் மருமகன். மீன் முள்ளுத்தான்” என்றேன். “என்ன மாமா நீங்க! பாமசிக்கு வாற எல்லாருக்கிட்டயும் மாமனார்தான் கொன்ற எண்டு சொல்லி வச்சிரிக்கன். மீன் முள்ளெண்டா நான் என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?” என்றார்.

“அப்ப என்னத்துக்கு மருமகன் சாப்பிடாமப் போன?” என்று கேட்டேன். அவர் குசினிப் பக்கம் பார்த்தார். சுபைறா அங்கே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. என் காதுக்குக் கிட்ட வந்து, “ரத்தத்துல கொழுப்பு கூடிட்டு மாமா. டொக்டர் கோழி, நெய், ஈரல் ஒண்டும் தொடப்படாதெண்டுட்டாரு. மாமி போட்டா வேணாண்டு சொல்ல ஏலுமா? மனசு உடைஞ்சிடுவா. ஸம்றாக்கிட்ட சொன்னா அவ உம்மாக்கிட்ட சொல்லிடுவா. நான் என்ன செய்ற? உங்கட கதை வந்திச்சி, நல்ல சாக்குக் கிடைச்சிச்சி. திரும்ப ரத்தம் பார்க்கிற வரைக்கும் நாள் வேணும், அதுக்குத்தான் வெள்ளி எண்டு சொன்ன. இண்டைக்கு றிப்போட் வந்த. கொஞ்சம் குறைஞ்சிரிக்கி” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்க பயந்துட்டீங்களா மாமா?” என்று கேட்டார். நான் ஃபேனை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

இது நமக்குள் இருக்கட்டும். சுபைறாவுக்குத் தெரியக்கூடாது. மருமகன் அவள் சமையலுக்குப் பயந்து ஓடினார் என்பதைவிட எனக்குப் பயந்து ஓடினார் என்று அவள் நினைப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. ஆகவே கொலைகாரப் பட்டம் என்னிடமே இருக்கட்டும், தயங்காமல் அச்சேற்றுங்கள். ஸம்றா என்னோடு கதைத்துவிட்டாள். “வாப்பா, தேத்தண்ணி வேணுமா?” என்றாள். போதும்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் சுபைறா சஹன் வைத்தாள். மாப்பிள்ளை வந்த சந்தோசத்தில் நெய்ச்சோறு, கோழி, ஈரல் என்று மலை போலக் குவித்து, “நீங்க ஒரு துண்டும் மருமகன் பக்கம் தள்ளப்படாது” என்று என்னை எச்சரித்துவிட்டுப் போனாள். நிப்றாஸ் முகம் மலர, “போடுங்க மாமி, இன்னும் போடுங்க” என்று வாங்கிக்கொண்டார். அவள் குசினிக்குத் திரும்பும் நேரமெல்லாம் ஒவ்வொரு துண்டாக என் பக்கம் தள்ளினார். “தின்னுங்க மாமா, கெதியாத் தின்னுங்க, மாமி வாறா.” நானும் சந்தோசத்தில் தின்றுகொண்டே இருந்தேன். எனக்கும் கொழுப்பு உண்டு என்பதும், அதற்குரிய மருந்துக் குளிசையை மாதாமாதம் பாமசியிலிருந்து கொண்டுவந்து தருபவரே இந்த மருமகன்தான் என்பதும் கடைசித் தொடையைக் கடிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.